இடது கைக்குழி

வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது எப்போதும் சின்னவள்தான். வந்தவர்கள் அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "அவங்க இருக்காங்களா?" என்பார்கள். யாரைக் கேட்கிறீர்கள் என்று அவள் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. ஒதுங்கி வழிவிடுவாள். தன் அறைக்குப் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்துகொள்வாள். முன்கூடத்தில் அவளுடைய அக்கா தொண்டையைச் செருமுவது கேட்கும். தெருவில் எல்லோருக்கும் அக்கா பெரியவள், இவள் சின்னவள். இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அது மாறவில்லை.

அந்தச் செருமலுக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு வாக்கியமும் சின்னவளுக்கு மனப்பாடம். போர் வந்த வருடம் ராணுவம் இந்த வீட்டைத் தலைமையகமாக எடுத்துக்கொண்டது. வீடு மேட்டில் இருந்தது, சுவர்கள் தடிமனாக இருந்தன, ரயில் நிலையம் கூப்பிடு தூரம். அப்பாவையும் அம்மாவையும் பின்பக்கத்து அறைகளுக்குள் ஒதுக்கினார்கள். தொலைபேசி நிலையத்தில் அப்போதுதான் வேலை பழகியிருந்த பெரியவளை முன்கூடத்தில் தொலைபேசி ஸ்விட்ச்போர்டுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த நடு அறையில் தளபதி. அறைக்குள் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் முழுக்க ஒரு வரைபடம். வரைபடத்தில் குண்டூசி குத்தி, குண்டூசிகளைச் சுற்றிச் சிவப்பு நூல் ஓட்டியிருந்தது. நூல் இருக்கும் இடம்தான் போர்முனை. தினமும் நூல் நகரும். கடைசியில் ஒரு காலை ஒரு அழைப்பு வந்தது. பெரியவள் இணைப்பைச் செருகினாள்.

"போர் நின்ன சேதி என் காது வழியாத்தான் உள்ள போச்சு."

இந்த இடத்தில் பெரியவள் நிறுத்துவாள். கூடத்தில் ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். ஒரு மௌனத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம், எங்கே விட வேண்டும் என்பது அவளுக்குக் கைவந்த விஷயம். சின்னவளும் மெஷினை நிறுத்திவிடுவாள். நிறுத்தாமல் ஓட்டிய ஒரு நாளில், அன்று சாயங்காலம் முழுக்க அக்கா அவளிடம் பேசாமல் இருந்தாள். அந்த மௌனமும் பெரியவளுக்கு நன்றாக வரும்.

பிறகு சின்னவள் தேநீர் கொண்டுபோவாள். வந்தவர்களில் யாராவது ஒருவருக்கு அப்போதுதான் அவள் முகம் கண்ணில் படும். "நீங்களும் அப்ப இங்கதான் இருந்தீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிடுவாள். "இவ அப்ப இங்க இல்ல. சின்னப் பொண்ணு. சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

அனுப்பியது அப்பா. ஆனால் அக்கா 'அனுப்பிட்டோம்' என்பாள், தளபதியோடு உட்கார்ந்து முடிவெடுத்தவள் மாதிரி.

இவ அப்ப இங்க இல்ல. அதன் பிறகு இத்தனை வருடங்களாக இங்கே இருந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. போர் முடிந்து சித்தி வீட்டிலிருந்து திரும்பிய சிறுமிக்குத் தன் வீடு அடையாளம் தெரியவில்லை. நடு அறையின் பலகைச் சுவர்களுக்கு ராணுவம் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்ட பெரிய மேஜையைக் குளிருக்கு உடைத்து எரித்துவிட்டார்கள். கூரை ஒரு பக்கம் ஒழுகியது. அந்தக் கூரையைப் பின்னாளில் மாற்றியது சின்னவள். அம்மா போனபோதும் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோதும் பக்கத்தில் இருந்தது சின்னவள். பெரியவள் கல்யாணமாகிப் போய், மாற்றல் வந்த ஊர்களிலெல்லாம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, கணவரையும் இழந்து, ஒரு நாள் பெட்டிகளோடு திரும்பி வந்தாள். வந்த சில மாதங்களில் வீடு அவளுடையதாகிவிட்டது. பத்திரத்தில் அல்ல. வாசலில் நின்று "அவங்க இருக்காங்களா?" என்று கேட்பவர்களின் வாயில்.

நடு அறை மட்டும் சின்னவளிடம் இருந்தது. தையல் கற்றுக்கொண்டு வந்த புதிதில் அப்பா அவளுக்குக் கொடுத்த அறை. ஜன்னல் பெரியது. மெஷின் போட இடம் இருந்தது. துணி வெட்டத்தான் மேஜை இல்லை. மேஜை ராணுவத்தோடு புகையாகப் போயிருந்தது. அதனால் அவள் சுவரையே மேஜையாக்கிக்கொண்டாள். ஜன்னலை ஒட்டிய சுவரில் காக்கித் தாளைப் பொருத்துவாள். கழுத்து வளைவு, தோள், கைக்குழி எல்லாவற்றையும் குண்டூசிகளால் குத்திக் குறிப்பாள். குண்டூசிகளைச் சுற்றி நூலை இழுத்து ஓட்டுவாள். தள்ளி நின்று பார்ப்பாள். வளைவு மனதுக்குப் பிடிக்கும்வரை ஊசியைப் பிடுங்கி மாற்றிக் குத்துவாள். பிறகுதான் பென்சில், பிறகுதான் கத்தரி. இப்படி யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மேஜை இல்லாத வீட்டில் தானாக வந்த பழக்கம். பின்னாளில் மேஜை வாங்கினாள். அதற்குப் பிறகு சுவருக்குக் கிரீம் நிறம் அடித்து, அதன்மேல் நீலம் அடித்து, அதன்மேல் வெள்ளையும் அடித்திருந்தாள். ஓட்டைகளெல்லாம் அடியில் போய்விட்டன. அவளே அவற்றை மறந்திருந்தாள்.

வீட்டின் முன்பகுதியை அருங்காட்சியகமாக்க நகரம் முடிவு செய்தபோது ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். வயதில் இளையவர். கையில் அளவு நாடா, கழுத்தில் கேமரா. பெரியவளை முதல் நாளே 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சின்னவளைக் குறிப்பிட வேண்டி வந்தால் 'அம்மாவோட தங்கச்சி' என்றார்.

"முன்கூடம் மியூசியத்துக்குத்தான். அதுல சந்தேகம் இல்ல," என்றார் ஆய்வாளர். "ஸ்விட்ச்போர்டு ஒயர் போன தடம்கூடத் தரையில அப்படியே இருக்கு. நடு ரூம்தான் கேள்வி. அதுதான் மேப் ரூம்னு அம்மா சொல்றாங்க. ஆனா ஒரு ஆள் சொன்னா மியூசியக் குழு ஒத்துக்காது. சுவரும் சொல்லணும்."

"சுவர் சொன்னா?" என்றாள் சின்னவள்.

"ரூமைப் போர்க்காலத்துல இருந்த மாதிரியே திருப்பிக் கொண்டுவந்துடுவோம். நீங்க மெஷினைப் பின்பக்கம் மாத்திக்க வேண்டியிருக்கும்."

"சுவர் ஒண்ணும் சொல்லலன்னா?"

"அப்ப அது உங்க ரூம்தான். தொடமாட்டோம்."

பின்பக்கத்து அறைகளுக்கு வெளிச்சம் கிடையாது. பகலிலேயே ஊசியில் நூல் கோக்க விளக்குப் போட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் அக்காவின் கதை நுழையாமல் மிச்சமிருந்த ஒரே அறை அது. அதையும் அந்தக் கதை கேட்கிறது. ஒரு குளிர்காலம் மட்டும் இருந்த கதை, ஒரு ஆயுசு இருந்தவளைப் பார்த்து நகரு என்கிறது.

பெயிண்ட் சுரண்ட ஒருவர் வந்தார். சின்னவள் மனதுக்குள் அவருக்குச் சுரண்டி என்று பெயர் வைத்தாள். நிதானமான மனிதர். சிறிய கத்தியால் ஒவ்வொரு அடுக்காக, ஒன்று முடிந்து ஒன்று, ஜன்னலை ஒட்டிய சுவரில் ஆரம்பித்தார். அந்தச் சுவரில்தான் ஈரம் இல்லை, பெயிண்ட் சுலபமாக வரும் என்றார்.

வெள்ளை உதிர்ந்தது. "இது எப்ப அடிச்சது?" என்றார்.

"கூரை மாத்தின வருஷம்."

நீலம் உதிர்ந்தது. "இது?"

"அப்பா போன வருஷம்."

"நல்ல நீலம்," என்று சொல்லிக்கொண்டே அதைத் துடைப்பத்தால் கூட்டி ஒதுக்கினார். கிரீம் நிறமும் தரைக்கு வந்தது. அக்கா கல்யாணமாகிப் போன பிறகு, ராணுவத்தின் பச்சையைப் பார்க்கச் சகிக்காமல் சின்னவள் அடித்தது. அவளுடைய வருடங்கள் எல்லாம் ஒரு முறத்தில் அள்ளும் அளவுக்குத்தான் இருந்தன. அடியில் பச்சை வந்ததும் சுரண்டி கத்தியைக் கீழே வைத்தார். அதற்குக் கீழே போக அவருக்கு உத்தரவு இல்லை.

பச்சையில் ஓட்டைகள் இருந்தன. நூற்றுக்கணக்கில், பொடிப்பொடியாக, வளைந்து வளைந்து ஓடின.

ஆய்வாளர் சுவருக்கு மிக அருகில் போய் நின்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடித் தாளை எடுத்தார். போர்க்காலத்து வரைபடத்தின் கோடுகள் அதில் அச்சாகியிருந்தன. சுவரின் மேல் அதை வைத்து மேலும் கீழும் நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றது.

"ஆத்து வளைவு," என்றார். "பாருங்க, அப்படியே ஆத்து வளைவு. இங்கதான் கடைசி வாரம் முழுக்கச் சண்டை நடந்துச்சு. அதனாலதான் இத்தனை ஓட்டை. திரும்பத் திரும்ப நூலை மாத்திக் குத்தியிருக்காங்க."

சின்னவள் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். கண்ணாடித் தாளுக்குக் கீழே இருந்த அந்த வளைவை அவள் விரல்கள் அவளுக்கு முன்பே அடையாளம் கண்டுகொண்டன.

அது அக்காவின் இடது கைக்குழி. அக்கா தன் கல்யாணத்தில் போட்டுக்கொண்ட கோட்டுக்கு வெட்டியது. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிப் பழகியதால் அக்காவுக்கு இடது தோள் சற்றுத் தூக்கலாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, துணிக்குத் தெரியும். கை வந்து உடம்போடு சேரும் அந்த இடத்தை வலது பக்கம் போல வெட்டினால் தோளில் சுருக்கம் விழும். எத்தனை முறை பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினாள். கடைசியில் வளைவின் அடியில் ஒரு சிறு சுழிப்பு வைத்தபோதுதான் கோட்டு உட்கார்ந்தது. கல்யாணத்தில் எல்லோரும் பெண்ணின் நிமிர்ந்த தோளைப் பற்றிப் பேசினார்கள். கோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

"அம்மாவைக் கூப்பிடுங்க," என்றார் ஆய்வாளர்.

பெரியவள் வந்தாள். சுவருக்கு முன்னால் நின்றாள். அவள் எதுவும் சொல்வதற்கு முன் வழக்கம்போல ஒரு மௌனம் வந்தது. இந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது என்று சின்னவளுக்குத் தோன்றியது. அளந்து விடுகிற மௌனமாக இல்லை. எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிற மௌனமாக இருந்தது.

"மேப் இந்தச் சுவர்லதானேம்மா இருந்துச்சு?"

"ஆமா," என்றாள் பெரியவள். "இங்கதான் இருந்துச்சு."

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர். சின்னவள் அந்த வாக்கியத்தை மெஷின் சத்தத்துக்கு நடுவே எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். எதிர்ச்சுவர் முழுக்க ஒரு வரைபடம். ஒருமுறைகூட அக்கா அதை மாற்றிச் சொன்னதில்லை. இன்றைக்கு ஓட்டையைப் பார்த்ததும் வரைபடம் இந்தச் சுவருக்கு வந்துவிட்டது.

தளபதி இருந்த நாட்களில் அக்கா இந்த அறைக்குள் வந்ததே இல்லை.

அன்று மதியம் சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் துடைத்து அடுக்கினாள். கடைசித் தட்டும் வந்தது.

"அந்த ஓட்டை என்னோடது," என்றாள் சின்னவள்.

பெரியவள் குழாயை மூடினாள்.

"பேப்பர் கட்டிங் போட்ட ஓட்டை. ஒண்ணுகூட ராணுவத்தோடது இல்ல. உனக்கும் தெரியும். நான் சுவர்ல குத்திக்கிட்டு நின்னதை நீயே எத்தனையோ தடவை பார்த்திருக்க."

"மறந்துட்டேன்டி."

"எதிர்ச்சுவரையும் மறந்துட்டியா?"

பெரியவள் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தாள்.

"தளபதி இருந்தப்ப நீ அந்த ரூமுக்குள்ள போனதே இல்ல. அப்படித்தானே?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கொடியில் சின்னவளின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ரயில் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போகும் நேரம்வரை அவள் பேசவில்லை. சின்னவளும் விடவில்லை. மௌனத்தை இழுக்க இந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டுமா தெரியும்.

"போனதில்ல," என்றாள் பெரியவள். "வாசல்ல திரை. வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு காவல்காரன். எனக்கு வெளியே ஒரு நாற்காலி."

"அப்புறம் எதுக்கு இத்தனை வருஷமா?"

"ஒரு தடவை யாரோ கேட்டாங்க, உள்ள எப்படி இருந்துச்சுன்னு. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல." ஈரத் துணியை மடித்து வைத்தாள். "போர் முடிஞ்சதும் அந்த ரூமை எனக்குத் தாங்கன்னு அப்பாகிட்ட நான்தான் முதல்ல கேட்டேன். அது உனக்குத் தெரியுமா?"

சின்னவளுக்குத் தெரியாது.

"சின்னவ வளரட்டும், அவளுக்கு ஏதாவது தொழில் வேணும், வெளிச்சமான ரூம் அவளுக்கு இருக்கட்டும்னார். நீ உள்ள போய்க் கதவைச் சாத்திப்ப. நான் வேலைக்குப் போய்ட்டு வந்து அதே கூடத்துல, அதே இடத்துல உட்காருவேன். உள்ள நீ மெஷின் ஓட்டற சத்தம் கேக்கும். தளபதி இருந்தப்பவாவது எப்பவாவது வெளிய வந்து ஒரு வார்த்தை பேசுவார்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள், அதுவும் இவள், அதுவும் அத்தனை காலம், தனக்குச் சொல்லாமல். முன்பே தெரிந்திருந்தால் எத்தனை சாயங்காலங்கள் இனிமையாகக் கழிந்திருக்கும்.

"நாளைக்குக் குழு வருது," என்றாள். "நான் சொல்லத்தான் போறேன், அக்கா. எனக்கு என் ரூம் வேணும்."

"சொல்லு," என்றாள் பெரியவள். "யார் வேண்டாம்னா?"

அன்று பிற்பகல் முழுக்கச் சின்னவள் தன் வாக்கியத்தைத் தைத்தாள். 'அந்த ஓட்டைகள் நான் போட்டது' என்று ஆரம்பிப்பதா, 'மேஜையை எரித்துவிட்டார்கள்' என்று ஆரம்பிப்பதா? மேஜையிலிருந்து ஆரம்பித்தால்தான் கேட்பவர்களுக்குப் புரியும். அதற்குப் பிறகு ஒரு நிறுத்தம். பிறகு குண்டூசி, நூல். அக்கா உள்ளே போனதே இல்லை என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். சொல்லாமலும் விடலாம், அவர்களாகவே புரிந்துகொள்வார்கள். இந்த வீட்டின் முன்கூடத்தில் முதல்முறையாக அவள் பேசப்போகிறாள். தொண்டையைச் செருமிப் பார்த்தாள். அக்காவின் செருமல் மாதிரியே இருந்தது. எரிச்சலாக வந்தது.

மறுநாள் குழுவினர் வந்தார்கள். தலைவர் வயதானவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிற பழக்கம் உள்ளவர். எல்லோரும் நடு அறையின் சுவருக்கு முன்னால் கூடினார்கள். ஆய்வாளர் கண்ணாடித் தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார். சிவப்பு நூல்கண்டுகூட வாங்கி வைத்திருந்தார். ஆற்று வளைவைக் காட்டினார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றார் தலைவர்.

சின்னவள் ஒரு அடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள்.

"நான் சொல்லணும்," என்றாள் பெரியவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இங்க இருந்த பெரிய மேஜையை அந்தக் குளிர்ல எரிச்சுட்டாங்க," என்று ஆரம்பித்தாள் பெரியவள்.

அது சின்னவள் தைத்துவைத்திருந்த முதல் வாக்கியம்.

"என் தங்கச்சி தையல்காரி. மேஜை இல்லாததால சுவர்ல தாளை மாட்டிக் குண்டூசி குத்தித்தான் வெட்டுவா. நூல் ஓட்டிப் பார்ப்பா. இந்த ஓட்டை எல்லாம் அவ போட்டது. மேப் இந்த ரூம்லதான் இருந்துச்சு. எந்தச் சுவர்ல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அப்ப நான் உள்ள வந்ததே இல்ல. இத்தனை நாள் பொய் சொன்னேன்."

ஆய்வாளரின் கையிலிருந்து நூல்கண்டு விழுந்து உருண்டது. யாரும் குனியவில்லை.

பெரியவள் நிறுத்தினாள். அந்த நிறுத்தம், சின்னவள் நேற்று எங்கே வைக்க வேண்டும் என்று நினைத்தாளோ அதே இடத்தில் வந்தது. அவள் நினைத்ததைவிட நீளமாக வந்தது.

"வாசல்ல ஒரு திரை தொங்கும். காக்கிக் கம்பளி. அதுல ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும், ஏன்னா நான் பார்த்தது அது ஒண்ணைத்தான். கீழ் ஓரம் ஒரு இடத்துல பிரிஞ்சு தூக்கிக்கிட்டிருக்கும். திரும்பிப் பார்த்தா அந்தச் சந்துல தளபதியோட பூட்ஸ் தெரியும். வேகமா நடந்தா நிலைமை சரியில்ல. மெதுவா நடந்தா பரவாயில்ல. நூல் எங்க நகருதுன்னு எனக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. பூட்ஸை வெச்சுத்தான் கண்டுபிடிப்பேன். கடைசி சேதியை நான் உள்ள அனுப்பினப்ப அந்த பூட்ஸ் அப்படியே நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம் ஒரு கால் லேசா ஆடிச்சு. அழறார்னு தெரிஞ்சுது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தமுறை துடைத்தது கண்ணாடியை அல்ல. ஆய்வாளர் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை ஏம்மா இத்தனை நாளா எங்ககிட்டச் சொல்லல?" என்றார். "மேப்பை விட இதுதானே..."

சின்னவள் ஒரு அடி முன்னால் வந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டி எல்லோரும் பெரியவளைச் சுற்றி நின்றார்கள். அந்த பூட்ஸை இவள் ஒரு ஆயுசாக எங்கே ஒளித்து வைத்திருந்தாள்? வருகிறவர்களுக்கெல்லாம் பொய் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு, இதை மட்டும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்து, என் முறை வந்த அன்றைக்குப் பார்த்து எடுத்து உதறுகிறாள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அது கோள் சொன்னதாகியிருக்கும். இவள் சொன்னால் அது வரலாறு.

அறை சின்னவளுக்குக் கிடைத்தது. ஈரம் ஏறிய மற்றச் சுவர்களும் ஒன்றும் சொல்லாததால் குழு அறையைத் தொடவில்லை. முன்கூடம் மட்டும் அருங்காட்சியகமானது. ஸ்விட்ச்போர்டு மாதிரி ஒன்று செய்து வைத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. நடு அறை வாசலில் காக்கிக் கம்பளித் திரை ஒன்று தொங்க வேண்டும் என்றார் ஆய்வாளர்.

"நீங்களே தைச்சுத் தர முடியுமா?" என்று சின்னவளைக் கேட்டார். அன்றுதான் முதல்முறையாக அவளை 'அம்மா' என்றார். "கீழ் ஓரத்துல ஒரு இடம் மட்டும் பிரிஞ்ச மாதிரி வேணும்மா. எந்த இடம்னு அம்மா காட்டுவாங்க."

பெரியவள் காட்டினாள். தான் தைத்த ஓரத்தைத் தானே பிரித்தபோது சின்னவளுக்குக் கை கூசியது. தொழிலில் இறங்கிய நாளிலிருந்து அவள் கையை விட்டு ஒரு துணிகூட ஓரம் பிரிந்து போனதில்லை.

"இன்னும் கொஞ்சம்டி," என்றாள் அக்கா. "இன்னும் ஒரு விரல் அகலம்."

"இதுக்கு மேல பிரிச்சா தூக்கிக்கும்."

"தூக்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"பூட்ஸ் பார்க்கறதுக்கு இத்தனை அகலமா? யானைக் காலா அவருக்கு?"

பெரியவள் சிரித்துவிட்டாள். சின்னவள் சிரிக்காமல் இன்னும் ஒரு விரல் அகலம் பிரித்தாள்.

இப்போதெல்லாம் கதவைத் திறந்துவிட ஒரு காவலர் இருக்கிறார். வருகிறவர்கள் நேராகக் கூடத்துக்குப் போகிறார்கள். பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், திரைக்கு முதுகு காட்டி. சின்னவள் திரைக்கு உள்ளே. ஜன்னலை ஒட்டிய சுவரில் சுரண்டிய இடம் பச்சையாக அப்படியே இருக்கிறது. பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்று சுரண்டி வந்து சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். மேஜை இருந்தும் சில நாட்களில் அந்தப் பச்சையின் மேல் தாளை மாட்டி, பழைய ஓட்டைகளிலேயே குண்டூசியை வைத்துப் பார்க்கிறாள். ஆற்று வளைவு எதனுடைய வளைவு என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வாளரிடமும் இல்லை, அக்காவிடம் நிச்சயமாக இல்லை. சொன்னால் மறுநாளே அது கூடத்துக்குப் போய்விடும். 'போர்முனைன்னு அவங்க நினைச்சது என் தோள்' என்று ஆரம்பித்து, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவாள். கூட்டம் மூச்சுவிடாது. இந்த ஒன்று அவளுக்குக் கிடையாது.

கூடத்தில் கதை முடிகிற இடமும் மாறிவிட்டது. பூட்ஸ் நின்றது, கால் ஆடியது, அதன் பிறகு மௌனம். அந்த மௌனத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "இப்ப உள்ள யாரு?"

"என் தங்கச்சி," என்பாள் பெரியவள். "அவ ரூம். அவளும் என்னை உள்ள விடமாட்டா."

எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு ஒருவர் குனிவார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர். பிரிந்த ஓரத்தின் சந்தில், மெஷினின் மிதிமேல் இருக்கும் சின்னவளின் கால்கள் அவர்களுக்குத் தெரியும்.

அவள் மிதிப்பதை நிறுத்திவிடுவாள். அக்கா தன்னைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லுவாளா என்று, காலை அசைக்காமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியே ஒரு மௌனம் நீளும். அது தனக்காக விட்டதா, தளபதிக்காக விட்டதா என்று இங்கிருந்து அவளுக்குத் தெரிவதில்லை. பிறகு பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்விட்ச்போர்டு பக்கம் திரும்புவாள். நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்கும்.

சின்னவள் மிதியை அழுத்துவாள், வேண்டுமென்றே வேகமாக.